ஈ விரட்டும் கை

திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் பேருந்தில் முன்சீட்டுப் பெண்ணின் ஜாக்கெட் முதுகில் தையல் நூல் தொங்கிக்கொண்டிருந்தால் சிஸ்டரால் சும்மா இருக்க முடியாது. எட்டி, நூலை விரலில் சுற்றி, பட்டென்று அறுத்துவிடுவார். அந்தப் பெண் திடுக்கிட்டுத் திரும்புவாள். "ஒண்ணுமில்லம்மா, நூலு. நீ திரும்பிக்கோ," என்பார். யார் வீட்டுப் பெண்ணோ, எந்த ஊரோ. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் உடம்பு கூசும்.

அவர் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் குளத்துக்குப் பின்தெருவில் சொந்த வீடு. மாடியில் ஓர் அறை. அதில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். தெரு முழுவதும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற அவருடைய கணவர்கூட வெளியாட்களிடம் பேசும்போது "சிஸ்டர் உள்ள இருக்காங்க" என்பார். ஒருநாள் அவர் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குக் கிளம்பினார். இரண்டடி வைப்பதற்குள் தட்டு சிஸ்டர் கைக்குப் போய்விட்டது. கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தாலி கட்டுறப்பவே எனக்குக் கை நடுங்குதுன்னு முடிச்ச இவளே இறுக்கிக்கிட்டாம்மா. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அவிழ்ந்து விழுந்திருந்தா?" என்றார் சிஸ்டர் பின்கட்டிலிருந்து.

யாராவது பேச்சில் ஒரு சொல்லுக்குத் தடுமாறினால் சிஸ்டர் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்பார். பெரும்பாலும் அது வேறு சொல்லாக இருக்கும். சொன்னவர் அதையே ஏற்றுக்கொண்டு பேச்சை முடித்துவிடுவார். எதற்கெடுத்தாலும் அவர் வாயில் வருவது ஒன்றுதான்: "நீ விடு, நான் பாத்துக்கறேன்."

நான் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அங்கேயே நிற்காமல் தாவரவியலில் முதுகலை வரை படித்தேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. விடியும் முன் அம்மாவோடு மீன் காயப்போட்டுவிட்டு, கை கழுவி, அந்தக் கையோடு தேர்வு எழுதி வாங்கிய மதிப்பெண் அது. அப்படிப்பட்டவளை, நான் குடிவந்த அன்றே சிஸ்டர் "பாப்பா" என்று கூப்பிட்டார். என் அலமாரியைத் திறந்து புடவைகளை வேறு மாதிரி மடித்து வைத்தார். நான் அன்று மாலையே பூட்டு வாங்கினேன். அவர் அந்தப் பூட்டுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார்.

அந்தச் செடி அவருக்கு வந்தது துவையலுக்காக. செங்கல்பட்டுச் சாலையில் ஒரு கல்குன்று உண்டு. அதன் அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு அவர்தான் பிரசவம் பார்த்திருக்கிறார். அவளுடைய தாய் ஒருநாள் பிளாஸ்டிக் பையில் பச்சையாக எதையோ கட்டி எடுத்துவந்து கொடுத்துவிட்டுப் போனாள். சர்க்கரைக்கு நல்லது, புளி வைத்து அரைத்துச் சாப்பிடுங்கள் என்று சொன்னாளாம். நான் தண்ணீர் எடுக்கக் கீழே வந்தபோது சிஸ்டர் அதை அம்மியருகே வைத்து நறுக்கிக்கொண்டிருந்தார். இலையில்லாத, விரல் தடிமனுள்ள, நான்கு பட்டையுள்ள தண்டு. கள்ளிமுளையான் என்று எங்கள் பக்கம் சொல்கிற வகைதான். ஆனால் நுனியில் காய்ந்து ஒட்டியிருந்த பூவின் நிறமும் தண்டின் பட்டையும் வேறாக இருந்தன. என் ஆசிரியர்கள் பாடத்தில் படமாகக் காட்டி, இந்தப் பக்கத்துப் பாறைக்காட்டில் முன்பு இருந்தது, இப்போது கண்ணில் படுவதில்லை என்று சொன்ன அரிய வகை அது.

"சிஸ்டர், கத்தியைக் கீழே வைங்க," என்று கத்தினேன்.

அவர் கத்தியை வைத்தார். மிச்சமிருந்தது ஒரே ஒரு தண்டு. அதைக் கையில் எடுத்து, பிறந்த பிள்ளையைத் திருப்பிப் பார்ப்பதுபோல் திருப்பிப் பார்த்தார். "பொழைக்குமா?" என்றார். பிழைக்கும், சும்மா விட்டால் பிழைக்கும் என்றேன். அவர் காதில் முதல் சொல் மட்டும்தான் விழுந்தது.

தொட்டியில் சாணிஎரு போட்டு நட்டார். காலையும் மாலையும் தண்ணீர் விட்டார். தண்டு அடியில் பழுப்பாகிக் கொழகொழத்தது. அவர் பதறிப்போய், தன்னிடமிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரைக் குப்பியைத் திறந்து பொடியைத் தூவி, மஞ்சள் பற்று வைத்து, துணியால் கட்டுப்போட்டு எனக்குக் காட்டினார். "டிரஸ்ஸிங் பண்ணியிருக்கேன் பாப்பா, நாளைக்கு அவுத்துப் பாக்கலாம்."

நான் கட்டை அவிழ்த்து, அழுகாத நுனியை மட்டும் வெட்டி எடுத்தேன். இதை வெறும் நிழலில் காயம் ஆறும் வரை போட்டுவைக்க வேண்டும், தண்ணீரே காட்டக்கூடாது என்று விளக்கினேன்.

"தண்ணியே இல்லாம எப்படி இருக்கும்? பாவம்."

"அது அப்படித்தான் சிஸ்டர் இருக்கும். பாறை இடுக்கில, வெயில்ல, யாரும் பாக்காமத்தான் இத்தனை காலம் இருந்திருக்கு."

"யாரும் பாக்காததாலதான இல்லாமப் போச்சு," என்றார்.

நான் துண்டை மாடிப்படி நிழலில் வைத்தேன். ஆனால் மறுநாள் அந்தத் துண்டின் கீழ் தரை ஈரமாக இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டுபோய் என் அறையில் வைத்துப் பூட்டினேன். சிஸ்டர் தினமும் கதவுக்கு வெளியே நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போவார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் சொந்தக்காரர்களின் குரல் அது. இத்தனை வருஷம் அந்தக் குரலுக்கு உள்ளேயிருந்து பதில் சொன்னவர் அவர்.

அது வேர் விட்டது. அப்போதுதான் இன்னொரு சங்கடத்தை நான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு செடி இருந்தால் தண்டை வெட்டி நூறு தொட்டி ஆக்கலாம். ஆனால் நூறும் ஒரே செடிதான். தன் பூந்தூளைத் தானே ஏற்றுக் காய்க்காது. ஒரு நோய் வந்தால் நூறும் ஒன்றாய்ப் போகும். விதை வேண்டுமென்றால் வேறொரு செடி வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பூந்தூளைக் கொண்டுபோக ஈ வேண்டும்.

"தேனீயா?"

"தேனீ வராது. ஈ. சாக்கடையில, செத்த எலியில மொய்க்குமே, அந்த ஈ. பூவே அழுகின இறைச்சி மாதிரித்தான் நாறும். ஈ முட்டை போட இடம்னு நினைச்சு ஏமாந்து வரும்."

சிஸ்டரின் முகம் சுருங்கியது. வேலை பார்த்த காலமெல்லாம் அவருடைய முதல் எதிரி ஈதான். வீட்டின் எல்லா ஜன்னலுக்கும் வலை. தரைக்குக் காலையில் ஒரு தடவை, விளக்கு வைக்குமுன் ஒரு தடவை பினாயில். குளத்தங்கரைத் தெருவில் ஈ நுழையாத வீடு அது ஒன்றுதான்.

குன்றுக்குப் போனோம். ஆடு மேய்க்கும் அம்மாவோடு காரைப் புதர்களுக்கு அடியில் குனிந்து குனிந்து தேடியதில், பாறைக்கும் புதருக்கும் இடையில் ஒரே ஒரு கொத்து கிடைத்தது. அதிலிருந்து பாதியை மட்டும் எடுத்தேன். மீதி அங்கேயே இருக்கட்டும் என்றேன். சிஸ்டருக்கு மனசே இல்லை. "வெயில்ல தனியா விட்டுட்டுப் போறோமே" என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். அடுத்த முறை நாங்கள் போனபோது அங்கே புதரும் இல்லை, கொத்தும் இல்லை. பொக்லைன் தட்டிச் சமமாக்கிய மண்ணில் வரிசையாக வெள்ளையடித்த எல்லைக்கற்கள். நுழைவாயிலில் கொடிகள் பறந்தன. ஆடு மேய்க்கும் அம்மா எங்கே போனாள் என்று கேட்கவும் ஆளில்லை.

அன்று திரும்பி வரும்போது பேருந்தில் சிஸ்டர் யாருடைய நூலையும் அறுக்கவில்லை.

ஆக, எங்களுக்குத் தெரிந்து உலகத்தில் அந்தச் செடி அந்த மொட்டைமாடியில் இரண்டு தொட்டிகளில்தான் இருந்தது.

இடையில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. துணைக்கு வருகிறேன் என்றார் சிஸ்டர். வேண்டாம் என்றேன். அடுத்த பேருந்தில் டிபன் டப்பாவோடு வந்து இறங்கினார். நான் உள்ளே போய், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, நெஞ்சு நிமிர்ந்து வெளியே வந்தேன். மரத்தடியில் டிபன் டப்பா மட்டும் இருந்தது. கொஞ்சநேரத்தில் அவர் நேர்முகத் தேர்வு நடந்த அறையிலிருந்தே வெளியே வந்தார்.

"உள்ள இருந்தாங்களே கண்ணாடி போட்ட அம்மா, அவங்க ரெண்டாவது பிரசவத்துக்கு நான்தான் டியூட்டி. அடையாளம் கண்டுக்கிட்டாங்க. சும்மா நலம் விசாரிச்சேன்."

"என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. மீன்காரக் குடும்பம், வீட்டிலேயே மொதல்ல படிச்ச பொண்ணு, பாத்துச் செய்யுங்கன்னு…"

வேலை கிடைத்தது. என் மதிப்பெண்ணுக்கா, என் பதிலுக்கா, அந்த இரண்டாவது பிரசவத்துக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பல நாள் அவரோடு பேசவில்லை. அவர் என் கதவுக்கு வெளியே தினமும் இட்லி வைத்தார். "உன் மார்க்குக்குத்தான் பாப்பா குடுத்தாங்க," என்று மூடிய கதவிடம் சொல்லிவிட்டுப் போவார். நான் பாடம் நடத்தி நன்றாக முடித்த நாட்களில்கூட அந்த அறையின் கதவு திறந்து அவர் வெளியே வருவது கண்ணில் வந்துவிடும்.

ஆவணியில் இரண்டு தொட்டிகளும் ஒன்றாகப் பூத்தன. தண்டு நுனியில் பந்துபோல் கொத்துக்கொத்தாக, ஈரல் நிறத்தில், மஞ்சள் கோடு போட்ட பூக்கள். சிஸ்டரின் கணவர் கட்டிலுக்கு அடியிலும் பரண் மேலும் செத்த எலியைத் தேடினார். மாடிக்கு வந்து பூவை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தனை பாடு?" என்று கேட்டு இறங்கிப்போனார்.

பூத்ததே தவிர ஈ வரவில்லை. எப்படி வரும்? வருஷக்கணக்கில் பினாயில் குடித்த தரை. மீன் கழிவு கொண்டுவந்து வைக்கலாமா என்று கேட்டேன். சைவ வீடு; சிஸ்டர் பினாயில் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை நான் மாடியில் பார்த்தபோது அவர் தரையில் சப்பணமிட்டு, நெற்றியில் பூதக்கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, கையில் இன்சுலின் ஊசியோடு பூவுக்குள் எதையோ கிளறிக்கொண்டிருந்தார்.

"நீ விடு, நான் பாத்துக்கறேன்," என்றார் தலை நிமிராமல்.

அந்தப் பூவில் பூந்தூள் தூளாக இருக்காது. இரண்டு குட்டிப் பைகளை ஒரு கொக்கியில் மாட்டினாற்போல் இருக்கும். ஈயின் வாயிலோ காலிலோ உள்ள மயிர் ஒரு கீறலில் சிக்கி இழுக்கும்போது அந்தக் கொக்கி மாட்டிக்கொண்டு பையோடு வெளியே வரும். இன்னொரு பூவில் அதேபோல் ஒரு கீறலில் அந்தப் பை இறங்க வேண்டும். மயிர் செய்கிற வேலை. ஊசி செய்யலாம், செய்யாமல் கிழித்தும் விடலாம். சிஸ்டர் சில பூக்களில் செய்து முடித்து, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டினார். ஆயிற்றா இல்லையா என்று கண்ணாடியில் எனக்கும் தெரியவில்லை. பூக்கள் இன்னும் சில நாள்தான் நிற்கும்.

"எங்க ஊருக்குக் கொண்டுபோகலாம் சிஸ்டர்," என்றேன். "அம்மா கருவாடு காயப்போடுற இடத்துல ஈக்குப் பஞ்சமில்ல."

ஆளுக்கொரு தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாமல்லபுரம் பேருந்தில் ஏறினோம். வண்டி ஊர் எல்லை தாண்டவில்லை, முணுமுணுப்பு ஆரம்பித்தது. கண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார்.

"யாரும்மா கருவாட்டு மூட்டை? லக்கேஜு சொல்லாம ஏத்திக்கினு வந்துகிறீங்களா? இன்னா நாத்தம்யா இது!"

"கருவாடு இல்லப்பா, பூ," என்றார் சிஸ்டர்.

"பூவா? இன்னாமா, காலங்காத்தால கலாய்க்கிறியா?"

வண்டி முழுதும் சிரித்தது. பின்சீட்டிலிருந்து ஒருவர், "சாமிக்குப் போடுற பூவாண்ணாத்த, கேட்டுச் சொல்லு!" என்றார். சிஸ்டரின் காதுமடல் சிவந்துவிட்டது. புடவைத் தலைப்பால் பூவை மூடினார். பினாயில் வீட்டுப் பெண்மணி நாற்றத்துக்காக நாலு பேர் முன்னால் தலை குனிந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். எனக்கு அது பழக்கம். கல்லூரிக்குப் போன காலத்தில் நான் உட்கார்ந்தால் பக்கத்துச் சீட்டுப் பெண் ஜன்னலைத் திறப்பாள். அன்று முதல் தடவையாக, பேருந்தில் நாறியது நான் இல்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

அம்மா மணலில் வலை விரித்து நெத்திலி காயப்போட்டிருந்தாள். நாங்கள் வருவதைப் பார்த்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வாங்க நர்சம்மா. இன்னாடி இது, தொட்டியத் தூக்கிகினு சீர்வரிசை மாதிரி வர்றீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அம்மா குனிந்து பூவை முகர்ந்தாள். "நம்ம காரப்பொடி மீனு கெட்டா இப்டித்தான் வரும்," என்றாள், மெச்சுகிற குரலில். "வையி இங்க. ஈக்கு இன்னா, சோத்துக்கு வர்றத வுட வேகமா வரும்."

இரண்டு தொட்டிகளையும் பக்கம் பக்கமாக வைத்தோம். சிஸ்டர் எதிரில் மணலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பச்சை மினுக்கும் ஈ ஒன்று வட்டமிட்டு ஒரு பூவின் விளிம்பில் இறங்கியது. 

சிஸ்டரின் வலது கை எழுந்து வீசி அதை விரட்டியது.

"சிஸ்டர்!"

"ஐயோ," என்றார். தன் கையையே பார்த்தார். "தெரியாமப் போயிடுச்சு பாப்பா."

அடுத்த ஈ வந்தது. கை மறுபடி எழுந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. கண் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தது, வாய் "வா, வா" என்று முணுமுணுத்தது, கை மட்டும் தன்பாட்டுக்கு வீசியது. எத்தனை தொட்டிலுக்கு மேல், எத்தனை தாய்மார் முகத்துக்கு மேல் வீசிய கையோ. மூன்றாவது ஈக்கு இடது கையும் சேர்ந்துகொண்டது.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏம்மா, நீ ஈ புடிக்க வந்தியா, ஈ ஓட்ட வந்தியா? அம்மாந்தூரத்திலேருந்து பஸ்சு ஏறி வந்து என் கருவாட்டுக்கு ஓசியில ஈ ஓட்டிக்கினு கீற!"

சிஸ்டர் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "நான் வேணா அந்தப் பக்கம் போயிடட்டுமா?" என்று கேட்டார். ஆனால் எழவில்லை. விட்டுவிட்டுப் போக அவரால் முடியாது, இருந்தாலும் ஆகாது.

அம்மா சிரிப்பை நிறுத்தினாள். பக்கத்தில் வந்து, சிரங்கைச் சொறிகிற பிள்ளையிடம் சொல்வதுபோல் சொன்னாள். "கைய தொடைக்கடியில வெச்சிக்கினு குந்து. நாங்க சின்னப் புள்ளையில அப்டித்தான் பண்ணுவோம்."

சிஸ்டர் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, மொத்த எடையையும் அவற்றின் மேல் இறக்கி உட்கார்ந்தார். வெயில் ஏறியது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியபோதும் கையை எடுக்கவில்லை; அம்மாதான் முந்தானையால் துடைத்துவிட்டாள். யாரையும் தன்னைத் துடைக்க விடாத மனுஷி. ஈக்கள் வந்தன. இந்தப் பூவில் இறங்கி, உள்ளே தலையை விட்டு, கால் சிக்கித் தவித்து, உதறிக்கொண்டு அந்தப் பூவுக்குப் போயின. ஓர் ஈயின் வாயில் மஞ்சளாக ஒரு புள்ளி ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். சிஸ்டரிடம் காட்டினேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

புரட்டாசி முடிவதற்குள் ஒரு தொட்டியில் காய் விட்டது. ஆட்டுக் கொம்புபோல் இரண்டிரண்டாக, ஊசி மெல்லிசில். இரண்டு ஜோடி. இரண்டும் சிவப்பு நூல் கட்டிய பூக்களில்தான்.

"ஊசியா, ஈயா?" என்று தினமும் கேட்டார். நூல் கட்டிய பூவிலும்தான் ஈ உட்கார்ந்தது, எனக்கெப்படித் தெரியும். "தெரியாது சிஸ்டர்" என்பேன். அவருக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்கும்தான் அந்த வேலை விஷயத்தில் போதவில்லை, பொறுத்துக்கொள்ளவில்லையா என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வேன்.

காய் முற்ற மாதக்கணக்காகும், அதுவரை தொடாதீர்கள் என்று சொன்னேன். மழை வந்தது. புயல் சின்னம் என்றார்கள். எங்கள் குப்பத்தில் படகுகளை மேடேற்ற வேண்டியிருந்ததால் நான் ஊருக்குப் போனேன். திரும்பி வந்தபோது காய்களைக் காணவில்லை. அவை இருந்த இடத்தில் வெள்ளையாக இரண்டு கட்டுகள். காஸ் துணி சுற்றி, மேலே பஞ்சு வைத்து, பிளாஸ்திரி ஒட்டி, ஒரு சுருக்கமில்லாமல். பிரசவ வார்டில் கற்ற கை.

"மழையில நனையுதே பாப்பா. அணிலு வேற."

அவிழ்த்தேன். உள்ளே கறுப்பாகக் கூழ். அழுகல் காயிலிருந்து தண்டுக்கு இறங்கியிருந்தது, தண்டிலிருந்து அடிக்கு. வெட்டி மீட்க நுனிகூட மிஞ்சவில்லை. குன்றிலிருந்து பாதியாக எடுத்துவந்த செடி அது. அதன் மறுபாதி எல்லைக்கல்லுக்கு அடியில் போயிருந்தது.

நான் என்னென்னவோ கத்தினேன். "உங்களை யார் பாத்துக்கச் சொன்னது?" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. அவர் குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம், முழங்கை வரை, நெடுநேரம். இனி ஒரே தொட்டி. ஒரே செடி. அது பூத்தாலும் காய்க்காது.

அதற்குப்பின் அவர் அந்தத் தொட்டியின் பக்கம் போகவே இல்லை. நானும் மாடியோரம் தள்ளி வைத்துவிட்டேன். மாசி மாதம், வெயில் சுள்ளென்று அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட மாடிக்கு வந்த சிஸ்டர், "பாப்பா, இங்க வா," என்றார். அப்படியொரு குரலில் அவர் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில், வெளியே தெரியாதபடி சாய்ந்து வளர்ந்திருந்த ஒரு தண்டில் ஒரு ஜோடிக் கொம்பு. நூல் இல்லை. ஊசி படாத, அன்று குப்பத்தில் ஈ மட்டும் தொட்ட பூ. நாங்கள் இருவருமே பார்க்காத பூ. காய் முற்றி, அப்போதுதான் நீளவாக்கில் வெடித்துக்கொண்டிருந்தது. உள்ளே பட்டுப்போல் வெள்ளை மயிர். ஒவ்வொரு விதையாகத் தன் மயிர்க்குஞ்சத்தை விரித்து, வெயிலில் ஒரு தடவை மின்னி, எழுந்து போனது.

சிஸ்டர் கையை நீட்டிப் பிடிக்கப் பார்த்தார். கை வீசிய காற்றில் விதை விலகியது. நான் துண்டை விரித்தேன்; துண்டு எழுப்பிய காற்றில் இன்னும் சில கிளம்பின. காயை மூடிப் பிடிக்கலாம் என்று நான் குனிந்தபோது கடற்காற்று ஒரு தடவை உள்ளே புகுந்து மிச்சத்தையும் வாரிக்கொண்டது. சுவரைத் தாண்டி, குளத்துக்கு மேல், கோபுரப் பக்கமாக. ஒன்று மட்டும் திரும்பி வந்து அவர் முகத்துக்கு நேரே காற்றில்லாத இடத்தில் நின்றது.

அவர் கை எழுந்தது. பாதியில் நின்றது. மெல்ல, அசங்காமல், அவர் அந்தச் சுடும் தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"நீ படிச்சவதான பாப்பா," என்றார், விதையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஏதாவது பண்ணேன்."

நான் இத்தனை படித்ததில் அதற்கு ஒன்றும் இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். விதை இன்னும் கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுச் சுவரைத் தாண்டியது.

பின்னர் நான் கல்லூரிக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு செங்கல்பட்டுக்கு வந்துவிட்டேன். கிளம்பிய அன்று என் பெட்டியைக் கட்டியது அவர்தான்; நான் தடுக்கவில்லை. ஆவணி வந்தால் போன் செய்வார். "உங்க பக்கம் எங்கயாவது செத்த எலி நாத்தம் வருதா?" என்று கேட்பார். நானும் கல்லூரிக்கு நடக்கும் வழியில் இடிந்த சுவர், பாறையோரம், காலி மனை எதையும் முகராமல் கடப்பதில்லை. எல்லா நாற்றமும் எலியாகவே இருக்கிறது.

போன வாரம் அம்மா போன் செய்தாள்.

"உன் நர்சம்மா வந்து கீது. ஒத்தத் தொட்டியத் தூக்கிகினு, பஸ்சுல எல்லார்கிட்டயும் ஏச்சு வாங்கிகினு. ஒத்தச் செடி காய்க்காதுன்னு நீதான சொன்ன? நான் சொன்னா கேக்க மாட்டேங்குது."

"என்ன சொல்றாங்க?"

"பறந்து போனதுல ஒண்ணு எங்கயாவது மொளச்சிருந்தா, அதுல குந்துன ஈ ஒண்ணு இங்க வந்தாலும் வரும்ங்குது. கடலாண்ட கீற ஈயெல்லாம் எங்க சுத்திட்டு வருதுன்னு யாருக்குத் தெரியும்ங்குது. நாஸ்தாகூட துன்னாம காலைலேருந்து குந்திகினு கீது."

"கை?"

அம்மா திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். போனில் காற்றுச் சத்தம் இரைந்தது.

"தொடைக்கடியிலதான் கீது," என்றாள்.